குந்தாத் தண்ணீர் எத்தனை வேலை செய்கிறது?

காரமடையிலிருந்து வெள்ளியங்காடு, கெத்தை வழியாக நீலகிரி மலையின் மஞ்சூருக்கு ஏறும் சாலையில் 43 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கெத்தைக்குப் பக்கத்தில் ஒரு வளைவில் யானைகள் சாலையில் நின்றதால், பேருந்தை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். ஜன்னலுக்கு வெளியே பெரிய இரும்புக் குழாய்கள் மலைச் சரிவோடு ஒட்டிக் கீழே இறங்கின. பக்கத்து இருக்கையில் மஞ்சூர்ப் பக்கம் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர். "எங்க ஊர்த் தண்ணிதான் தம்பி அதுல போகுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆடி மழைக்கு மரம் விழுந்து வயரு அறுந்துச்சுன்னா மூணு நாளானாலும் எங்க லைன் வீட்டுக்குக் கரண்ட் வராது" என்றார். குறையாகச் சொல்லவில்லை. மழை வரும், பனி வரும் என்பதுபோலச் சொன்னார்.

வளர்ச்சி வேண்டுமா, இயற்கை வேண்டுமா என்று தராசில் வைத்துக் கேட்பது நமக்குப் பழகிப்போய்விட்டது. ஒரு தட்டு ஏறினால் மற்றது இறங்கும் என்பது அதன் கணக்கு. நீலகிரியைக் கூர்ந்து பார்த்தால் அந்தத் தராசே இங்கே பொருந்தவில்லை. மின்சாரம், குடிநீர், பாசனம் என்று கீழ்நாட்டின் வளர்ச்சியில் பெரும்பங்கு இந்த மலையின் தண்ணீரை நம்பியிருக்கிறது. அந்தத் தண்ணீரைப் பிடித்துவைத்து மாதக்கணக்கில் கொடுப்பது மேலே இருக்கும் புல்வெளியும் சோலைக்காடும். புல் போனால் இயற்கை மட்டும் போகாது, யூனிட்டும் போகும். இதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் தண்ணீரோடு கூடவே இறங்குவோம். மேல்பவானி அணையில் தேங்கும் நீர் குந்தா நீர்மின் திட்டத்தின் ஐந்தாவது மின்நிலையத்தில் டர்பைனைச் சுற்றிவிட்டு அவலாஞ்சி, எமரால்டு அணைகளுக்கு வருகிறது. அங்கிருந்து முதலாவது மின்நிலையம், அதன் பிறகு குந்தா அணை. அங்கிருந்து கெத்தையில் இரண்டாவது, பரளியில் மூன்றாவது, கடைசியாகப் பில்லூரில் நான்காவது. எண் வரிசையும் தண்ணீர் போகும் வரிசையும் ஒன்றல்ல, அதனால் புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்பிப்போவார்கள். பார்சன்ஸ் பள்ளத்தாக்கில் உள்ள ஆறாவது நிலையத்தையும் சேர்த்தால் குந்தா நிலையங்களின் மொத்தத் திறன் 585 மெகாவாட். ஒரே தண்ணீர் 1,500 மீட்டருக்கும் மேல் இறங்கி, படிப்படியாக ஐந்து இடங்களில் மின்சாரம் கொடுத்துவிட்டுப் போகிறது. அப்புறமும் அதன் வேலை முடிவதில்லை. பில்லூரில் கோயம்புத்தூருக்குக் குடிநீராகிறது. மிச்சம் பவானி ஆற்றில் ஓடி, மாயாற்றோடு பவானிசாகரில் சேர்ந்து, கோபி, ஈரோடு பக்கம் லட்சக்கணக்கான ஏக்கருக்குப் பாய்கிறது. கோபியில் நடவு செய்பவருக்கும் அவலாஞ்சியில் பெய்யும் தூறலுக்கும் நேரான உறவு உண்டு.

இது இன்று நேற்று வந்த உறவு இல்லை. பைகாரா நீரைச் சிங்காராவுக்கு 900 மீட்டருக்கும் மேல் ஒரே இறக்கமாக இறக்கி மின்சாரம் எடுக்கத் தொடங்கியது 1932ல். அந்தக் காலத்தில் அது பெரிய பொறியியல் துணிச்சல். கோவையைச் சுற்றிக் கரிசல் மண்ணில் பருத்தி இருந்தது, கையில் முதலும் இருந்தது, சில ஆலைகளும் ஓடிக்கொண்டிருந்தன. பைகாரா மின்சாரம் வந்த பிறகுதான் பஞ்சாலைகள் வரிசையாக முளைத்தன. 1937ல் கோவையிலேயே மின்மோட்டார் செய்தார்கள். கிணற்றில் மோட்டார் இறங்கியதும் கொங்கு நாட்டின் விவசாயமே மாறியது. சுதந்திரத்துக்குப் பிறகு மாயாறு நிலையம், கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா நாட்டு உதவியோடு குந்தா, 2005ல் பைகாரா இறுதி நிலைத் திட்டத்தின் 150 மெகாவாட் நிலத்தடி மின்நிலையம் என்று ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் சேர்த்து இந்த ஒரு மாவட்டத்தில் ஏறத்தாழ 830 மெகாவாட் நீர்மின் திறன் இருக்கிறது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஏழை நாடு தன் கையில் இருந்த மலையையும் மழையையும் வைத்துக் கரி எரிக்காமல் மின்சாரம் எடுத்தது, அதை வைத்துத் தொழில் வளர்த்தது. நல்ல காரியம். ஆனால் மேலே என்ன ஆனது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். அணைகளில் ஒன்றின் பெயர் போர்த்திமந்து. மந்து என்றால் தோடர்களின் குடியிருப்பு. எருமைகள் மேய்ந்த புல்வெளியின் நினைவு இன்றைக்கு ஓர் அணையின் பெயரில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அணைகளைவிடப் பெரிய மாற்றம் மரத்தால் வந்தது. இதைச் சொன்னால் சமவெளிக்காரர்கள் நம்ப மாட்டார்கள். மரம் நட்டால் மழை, மரம் நட்டால் தண்ணீர் என்றுதானே பள்ளிக்கூடத்திலிருந்து படித்திருக்கிறோம். நீலகிரியின் மேல்மட்டம் அப்படிப்பட்ட நிலம் இல்லை. இங்கே மேடெல்லாம் புல், மடிப்புகளில் மட்டும் சோலை. அடர்ந்து குத்தாக வளரும் புல் மழையைத் தடுத்து மெல்ல மண்ணுக்குள் இறக்கும். தான் குடிப்பது மிகக் குறைவு, பனிக்காலத்தில் காய்ந்து சும்மா கிடக்கும். கறுப்பு மண் பஞ்சுபோல நீரைப் பிடித்து, மடிப்பில் இருக்கும் சோலைக்கும் ஓடைக்கும் கசியவிடும். மார்கழியில் மழை இல்லாமல் உறைபனி கொட்டும்போதும் ஓடையில் நீர் ஓடுவது இப்படித்தான்.

இந்தப் புல்லைத் தரிசு என்று எழுதிவைத்தார்கள். கற்பூர மரம் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ் 1843ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கே வந்தது. சோலைகளை வெட்டித் தீர்த்த பிறகு குன்னூர், ஊட்டி குடியிருப்புகளுக்கு விறகு வேண்டியிருந்ததுதான் காரணம். வாட்டில் எனப்படும் சீகை மரமும் அதே காலத்தில் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு ஐந்தாண்டுத் திட்டங்களில் இந்த நடவு பல மடங்கானது. தோல் பதனிடச் சீகைப் பட்டை, சிறுமுகை போன்ற இடங்களின் செயற்கைப் பட்டு ஆலைக்குக் கற்பூர மரக் கூழ். அன்றைக்கு அதுவும் வளர்ச்சித் திட்டம்தான், நல்லெண்ணத்தோடு செய்ததுதான்.

அதன் விலை என்ன என்று அளந்து பார்த்த இடம் நம்மிடமே இருக்கிறது. பைகாரா நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருக்கும் கிளன்மார்கனில், ஊட்டியிலுள்ள மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தினர் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள். மற்றதில் 1970களில் ஒரு பகுதியில் கற்பூர மரம் நட்டு, இரண்டிலிருந்தும் வெளியேறும் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். மரம் முதல் முறை வளர்ந்து முடிந்தபோது நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்திருந்தது. வெட்டியபின் அடிமரம் துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதம். நான்கில் ஒரு பங்கு! அதுவும் நீர்மின் நிலையத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் பகுதியில். பட்டு ஆலைக்கு மரம் வளர்த்த திட்டம், மின்வாரியத்தின் தண்ணீரைக் குடித்திருக்கிறது. இரண்டும் அரசுத் திட்டங்கள், இரண்டுக்கும் வளர்ச்சி என்றே பெயர். ஒன்று மற்றொன்றைத் தின்றதை எந்தக் கணக்குப் புத்தகமும் எழுதவில்லை.

1988ஆம் ஆண்டின் தேசிய வனக்கொள்கைக்குப் பிறகு இப்படி ஒற்றை மரம் நடுவது நின்றது. ஆனால் சீகை நிற்கவில்லை. அது தானாகவே பரவும். பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையே எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டவர்கள், புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதைக் கண்டார்கள். இங்கேயும் தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேயும் புல்லைத் தேடி வெகுதூரம் போகிறார்கள். தமிழ்நாடு அரசு 2022ல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. சரி, வெட்டிவிட்டால் புல் வந்துவிடுமா? வராது. சீகை விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கும். மேலே மரம் போய் வெயில் பட்டதும் கீரைப் பாத்திபோல நெருக்கமாக முளைக்கும். ஆண்டுதோறும் ஆள் வைத்துப் பிடுங்க வேண்டும், புல்லைக் குத்துக் குத்தாகப் பதித்து வளர்க்க வேண்டும். பத்து ஆண்டுக்காவது சம்பளம் கொடுக்க வேண்டிய வேலை இது. ஒரு நாள் விழா நடத்திப் படம் எடுத்துக்கொண்டு போகிற வேலை இல்லை.

இப்போது தேயிலைக்கு வருவோம். ஏழு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் மாவட்டத்தின் வாழ்வாதாரம் இது. பெரிய எஸ்டேட்டுகளைவிட, ஓர் ஏக்கர் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள்தான் இதில் அதிகம். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைத் தேயிலை ஒரு கிலோ தூளாகும். நடுவில் வாட்ட வேண்டும், அரைக்க வேண்டும், காய வைக்க வேண்டும். ஃபேக்டரிக்குப் பின்பக்கம் போனால் அடுப்பின் வாயில் கற்பூர மரக் கட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும், அதன் வாசனை தூளின் வாசனையையே மறைக்கும். ஒரு கிலோ தூளுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிலோ விறகு எரிகிறது. நாம் குடிக்கும் ஒவ்வொரு டம்ளர் டீயிலும் கொஞ்சம் மரம் இருக்கிறது.

இங்கே ஒரு வழி கண்ணுக்குத் தெரிகிறது. அகற்ற வேண்டிய சீகையும் கற்பூர மரமும் மலை முழுக்க நிற்கின்றன. அதையே அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளுக்கு ஃபேக்டரிகளின் எரிபொருளாகக் கணக்கு வைத்து எடுக்கலாம். அதே காலத்தில் அடுப்பின் திறனைக் கூட்டி, வாட்டும் வேலைக்குச் சூரிய வெப்பத்தைச் சேர்த்துக்கொண்டால், மரம் தீரும்போது தேவையும் குறைந்திருக்கும். ஆனால் ஒன்று, விறகுக்கு நிரந்தரச் சந்தை உண்டாக்கிவிட்டால் நாளைக்கு யாராவது மறுபடி நடவு கேட்பார்கள். எத்தனை ஆண்டு, எந்தச் சரிவு என்று முதல் நாளே எழுதிவைத்துத் தொடங்க வேண்டும்.

தேயிலையைப் பற்றிப் பேசும்போது காட்டை அழித்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடவும் எனக்கு மனம் வரவில்லை. 1964ல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த நம் மக்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல் அரசுத் தேயிலைத் தோட்டம், இன்றைய டான்டீ, தொடங்கியது. நாடற்றவர்களாக வந்து இறங்கியவர்களுக்குக் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளில் ஒரு லைன் வீடும் நாள் கூலியும் கிடைத்தன. அதற்காகக் காடு போனது உண்மை. அந்த மக்களுக்கு ஓர் இடம் வேண்டியிருந்ததும் உண்மை. 2022ல் நட்டம் காரணமாக டான்டீ நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க முடிவெடுத்தபோது, காடு திரும்பட்டும் என்று மகிழ்ந்தவர்களும் இருந்தார்கள், இனி நாங்கள் எங்கே போவது என்று தெருவில் நின்ற தொழிலாளர்களும் இருந்தார்கள். வளர்ச்சியும் சூழலும் என்று பேசும்போது இந்த இரண்டாவது கூட்டத்தைத்தான் நாம் எப்போதும் கடைசியாக நினைக்கிறோம். வெந்நீருக்குச் சுள்ளி பொறுக்கிச் சுமந்து வரும் பெண்ணைப் பார்த்து மரம் எரிக்கிறார் என்று சொல்வதும் இதே அநியாயம்தான். கேஸ் அடுப்பு அவர் வீட்டில் இருக்கிறது. குளிருக்குத் தினமும் நாலு பேர் குளிக்க வெந்நீர் வைத்தால் சிலிண்டர் கட்டுப்படியாகாது.

சுற்றுலாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் கோடை நெரிசலுக்காக, வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று எண்ணிக்கையும் வந்தது. மலைக்கும் ஒரு கொள்ளளவு உண்டு என்று சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது.

இனி வரப்போகிற பெரிய விஷயத்துக்கு வருகிறேன். இந்தியாவின் மின்சாரத்தில் இன்னும் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. அதே சமயம் நம் தலைக்கு விழும் கரியமில வாயு உலக சராசரியில் பாதிக்கும் குறைவு. வளராதே என்று யாரும் நம்மிடம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. 2070க்குள் நிகர பூஜ்ஜியம் என்று 2021ல் கிளாஸ்கோவில் நாம் வாக்குக் கொடுத்திருக்கிறோம். தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் மட்டும் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது, சூரிய மின்சாரமும் வேகமாகக் கூடுகிறது. மாநிலத்தின் உச்சத் தேவை 2024 கோடையில் 20,000 மெகாவாட்டைக் கடந்தது. சிக்கல் என்னவென்றால், சூரியன் மதியம் கொட்டிக் கொடுக்கும், நாம் விளக்கும் மின்விசிறியும் போடும் ராத்திரி ஏழு மணிக்கு இருக்காது. காற்று ஆடியில் அள்ளிக் கொடுக்கும், மாசியில் கை விரிக்கும்.

இதற்குத்தான் நீரேற்று மின்நிலையம். மேலே ஓர் அணை, கீழே ஓர் அணை. மதியம் மிச்சமாகும் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரை மேலே ஏற்றிவைப்பது, ராத்திரி கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. 100 யூனிட் போட்டால் 75, 80 யூனிட் திரும்பிவரும். மலையையே பேட்டரியாக்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனைமலையில் காடம்பாறை நிலையம் 400 மெகாவாட் திறனோடு 1980களின் கடைசியிலிருந்து இந்த வேலையைச் செய்து வருகிறது. இப்போது நீலகிரியின் முறை. போர்த்திமந்துவை மேல் அணையாகவும் அவலாஞ்சி எமரால்டைக் கீழ் அணையாகவும் வைத்து 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டம் கட்டப்பட்டு வருகிறது. அடுத்து 1,000 மெகாவாட் சில்லஹல்லா திட்டம் பேச்சில் இருக்கிறது.

பசுமை மின்சாரம் என்ற ஒரே பெயரில் இந்த இரண்டையும் சேர்த்து ஆதரிப்பதும் தவறு, சேர்த்து எதிர்ப்பதும் தவறு என்பது என் கருத்து. குந்தாத் திட்டம் ஏற்கெனவே இருக்கும் அணைகளைப் பயன்படுத்துகிறது. மலைக்குள் சுரங்கம் தோண்டுவதும், தோண்டிய கல்லையும் மண்ணையும் எங்கே கொட்டுவது என்பதும் அங்கே கவலை, அதைக் கண்காணிக்க வேண்டும். ஆனாலும் புதிதாக மூழ்கப்போகும் ஊர் இல்லை. சில்லஹல்லா அப்படி இல்லை. அங்கே புது அணை வேண்டும், உருளைக்கிழங்கும் கேரட்டும் தேயிலையும் விளையும் பள்ளத்தாக்கு அது. அங்குள்ள படுகர் கிராமத்து மக்கள் எங்கள் நிலம் வேண்டாமா என்று கேட்பதை வளர்ச்சிக்கு எதிரான குரல் என்று தள்ளிவிட முடியாது. 1932லிருந்து சமவெளிக்கு மின்சாரம் அனுப்பிய மலை அது.

மழையையும் கணக்கில் வைக்க வேண்டும். 2009 நவம்பரில் மண்சரிவில் 40க்கும் மேற்பட்டோர் இறந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. சென்னைக்கு வடகிழக்குப் பருவமழை முழுவதும் சேர்த்து விழுகிற அளவுக்கு அருகில் வரும் மழை, 24 மணி நேரத்தில். அதே அவலாஞ்சிதான் நீரேற்றுத் திட்டத்தின் கீழ் அணை. சரிவில் செங்குத்தாக உழுத மண் இப்படிப்பட்ட மழையில் நேராக அணைக்குத்தான் போகிறது. குந்தா அணையில் சேறு சேர்ந்து, மின் உற்பத்திக்குத் தண்ணீர் எடுப்பதே தடைப்பட்ட சமயங்கள் உண்டு. கேரட் வயலுக்குப் படிக்கட்டுப் பாத்தி போடுவதும் மின் உற்பத்திக்கான வேலைதான் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதற்கெல்லாம் பணம் யார் தருவது? இமாச்சலம், உத்தராகண்ட் போன்ற இடங்களில் நீர்மின் திட்டங்கள் தங்கள் உற்பத்தியில் 12 சதவீதத்தை அந்த மாநிலத்துக்கு இலவசமாகக் கொடுக்கின்றன. 2008ஆம் ஆண்டின் நீர்மின் கொள்கை அதற்குமேல் 1 சதவீதத்தைத் திட்டப் பகுதியின் வளர்ச்சி நிதிக்கு என்று சொன்னது. நம் பைகாராவும் குந்தாவும் அதற்கெல்லாம் முந்தியவை, மாநில அரசுக்கே சொந்தமானவை. இருந்தாலும் அந்த யோசனையை எடுத்துக்கொள்ளத் தடையில்லை. நீலகிரி நிலையங்கள் ஆண்டுக்கு 200 கோடி யூனிட் தருவதாக வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு 5 பைசா ஒதுக்கினால் 10 கோடி ரூபாய். ஒரு வீட்டின் பில்லில் தெரியக்கூடத் தெரியாது.

அந்தப் பணத்தில் முதல் ஆண்டு செய்ய வேண்டியது மேல்பவானி, போர்த்திமந்து, பைகாரா நீர்ப்பிடிப்புகளில் சீகை இன்னும் அடர்ந்துவிடாத ஓரங்களைப் பிடிப்பது. முதலில் ஓரத்தைக் காப்பாற்ற வேண்டும், நடுக்காட்டை அப்புறம் பார்க்கலாம். எந்தச் சரிவில் எந்தப் புல் இருந்தது, எந்த ஓடை எப்போது வற்றியது என்று தோடர் பெரியவர்களுக்குத் தெரியும். அவர்களை அழைத்துக் கேட்டு, ஆலோசனைக்கு ஊதியம் கொடுத்துத் தொடங்கலாம். புல் நாற்றை வளர்க்கவும், முளைத்து வரும் சீகைக் கன்றைப் பிடுங்கவும், வேலை குறைந்துபோன டான்டீ லைன்களிலிருந்து பெண்கள் வருவார்கள், நாள் கூலி ஒழுங்காகக் கிடைத்தால். ஓடைக்கு ஓர் அளவுகோல் நட்டு, மார்கழியிலும் மாசியிலும் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று எழுதிவைத்து, கீழே மின்நிலையத்தின் கணக்கோடு ஒப்பிட வேண்டும். கிளன்மார்கனில் ஒருமுறை செய்துகாட்டிய வேலைதான் அது. அன்றைக்கு மரம் நட்டு அளந்தார்கள், இந்த முறை மரத்தை எடுத்துவிட்டு அளக்கப்போகிறோம்.